கோலமும் வரப்பும்

(மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழன்பர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது "சாலைப் பாதுகாப்பு நிபுணர்" என்றார். அந்தப் பட்டத்தை நான் வாங்கிக்கொள்ள முடியாது. நான் ஓய்வு பெற்ற சாலைப் பொறியாளன். அந்த வேலையில் பாதுகாப்பு என்பது கோப்பின் கடைசித் தாளில் வரும் சங்கதி. முதல் தாள் முழுக்கத் தார், ஜல்லி, டெண்டர். அதனால் இன்றைக்கு நான் பேசப் போவதை ஒரு நிபுணரின் உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்புச் செய்தவனின் வாக்குமூலம் என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இன்று காலை ராமானுஜ ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கிராஸில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாமி வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளி வைத்து, சிக்குக் கோலம், நல்ல கைப்பழக்கம். முக்கால்வாசி முடிந்திருக்கும். ஒரு ஸ்கூட்டர் வந்து வலது மூலையில் ஏறி இறங்கிப் போயிற்று. மாமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழிந்த இழையின் மேல் மறுபடி மாவை இழுத்தார். பின்னாலேயே பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவர் கோலத்தைக் கண்டதும் தானாக ஓர் அடி ஒதுங்கிப் போனார்.

இவ்வளவுதான் என் பேச்சு. கால் கோலத்துக்கு ஒதுங்கும், சக்கரம் ஒதுங்காது. முப்பது வருஷம் நானும் சாலையில் கோலம் போட்டவன். அரிசி மாவுக்குப் பதில் வெள்ளைப் பெயின்ட், புள்ளிக்குப் பதில் சைக்கிள் படம்.

அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஓர் ஊர். ஊர்ப் பெயரும் இலாகாவின் பெயரும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோட்டில் சைக்கிள்களுக்குத் தனிப் பாதை விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ரோட்டின் இடது ஓரத்தில் 1.2 மீட்டர் விட்டு ஒரு வெள்ளைக் கோடு இழுத்தோம். ஐம்பது அடிக்கு ஒரு சைக்கிள் படம். போட்டோ எடுத்து அனுப்பினோம், பாராட்டுக் கடிதமும் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த வழியாகப் போனேன். கோட்டுக்குள் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், நடுவில் ஒரு கரும்புச்சாறு வண்டி, அப்புறம் ஒரு கார். பார்க்கிங் என்று நாங்கள் தனியாக எழுதிப் போட்டிருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காக நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பள்ளி விட்ட நேரம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண், சைக்கிளில் வந்தாள். கோட்டுக்குள் வந்தவள், கார் நிற்பதைக் கண்டு வலது பக்கம் வெளியே வளைந்தாள். அதே நொடியில் அந்தக் காரின் வலது கதவு திறந்தது. அவள் கதவுக்குத் தப்ப இன்னும் வெளியே போக, பின்னால் வந்த பஸ்ஸின் பக்கவாட்டுப் பகுதி உரசியது. கை முறிந்தது, உயிர் தப்பியது. டிபன் பாக்ஸ் மட்டும் கோட்டுக்குள்ளேயே உருண்டு போய், நாங்கள் வரைந்த சைக்கிள் படத்தின் மேல் நின்றது. அதை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பாதையை அளந்து கையெழுத்துப் போட்டவனும் நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

கோடு இல்லாமல் இருந்திருந்தால் அவள் எப்படி வந்திருப்பாள் என்று பல நாள் யோசித்தேன். ரோட்டின் நடுவாகவே, பின்னால் திரும்பிப் பார்த்துப் பார்த்து வந்திருப்பாள். பஸ் டிரைவரும் வெகு தூரத்திலேயே அவளைப் பார்த்திருப்பார். கோடுதான் இருவரையும் அசட்டையாக்கியது.

இது வெறும் என் மன உறுத்தல் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழகக்காரர்கள் 60 சைக்கிள்காரர்களின் வண்டிகளில் ஓர் அளவுக் கருவியைப் பொருத்தி, அவர்களை முந்திப் போகும் ஒவ்வொரு வாகனமும் எவ்வளவு நெருங்கிப் போகிறது என்று பதிவு செய்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு. மொத்தம் 18,527 முந்தல்கள். கோடே இல்லாத, கார்களும் நிற்காத ரோட்டோடு ஒப்பிட்டால், சைக்கிள் பாதைக் கோடு போட்ட ரோட்டில் வாகனங்கள் சராசரியாக 27 சென்டிமீட்டர் அதிகம் நெருங்கிப் போயின. கோடும் இருந்து ஓரத்தில் கார்களும் நின்ற ரோட்டில் 40 சென்டிமீட்டர். அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. கார் ஓட்டுகிறவர் ஆளைப் பார்ப்பதில்லை, கோட்டைப் பார்க்கிறார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உனக்கு, இந்தப் பக்கம் எனக்கு, பாகப் பிரிவினை முடிந்தது. பிறகு அவர் ஏன் ஒதுங்க வேண்டும்?

சரி, நம் அக்ரஹாரத்துக்கு வருவோம்.

போன வாரம் வாணி விலாஸ் மார்க்கெட் பக்கம் ஒரு வாழையிலை வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். பழைய இரும்புச் சைக்கிள். கேரியரில் இலைக்கட்டு, இரண்டு பக்கமும் கைகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹேண்டில் பாரில் ஒரு கோணிப்பை. அவர் ஏறி உட்கார்ந்து மிதிப்பதை விட, இறங்கித் தள்ளுவதுதான் அதிகம். ஏன் என்று கேட்டேன். கன்னடத்தில் சொன்னார், தமிழில் சொல்கிறேன்: "ஓரமாப் போனா நிக்கிற வண்டி, நடுவுல போனா ஓடுற வண்டி. தள்ளிக்கிட்டுப் போனா யாரும் திட்டறதில்ல சாமி." சைக்கிள் வைத்திருப்பவரைச் சைக்கிளிலிருந்து இறக்கி நடக்க விட்டிருக்கிறோம். இதை எந்தக் கணக்கெடுப்பிலும் பார்க்க முடியாது. விபத்துப் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்பதால் அந்த ரோடு பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம்.

நகரத்தில் சைக்கிள் என்றதும் பளபளக்கும் உடையில், விடியற்காலையில் சாமுண்டி மலை ஏறும் இளைஞர்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வாழ்க. ஆனால் 2011 கணக்கெடுப்பில் நாட்டின் 44.8 சதவீத வீடுகளில் சைக்கிள் இருந்தது என்றால், அது மலை ஏறுவதற்காக இல்லை. பேப்பர் போடும் பையன், வீட்டு வேலைக்கு நஞ்சுமளிகையிலிருந்து வரும் அம்மா, ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வார்டு பாய், பூக்காரர், இலைக்காரர். இவர்களுக்கு வேறு வண்டி இல்லை. சைக்கிள் பாதையை ஏதோ பணக்கார ஊர்களின் அலங்காரம் என்று சொல்கிறவர்கள் காலை ஆறு மணிக்கு வாணி விலாஸ் மார்க்கெட் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

மைசூருக்குச் சைக்கிளில் ஒரு பெருமையும் உண்டு. 2017 ஜூன் 4ஆம் தேதி 'ட்ரின் ட்ரின்' என்ற வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. 450 சைக்கிள்கள், 48 நிலையங்கள். ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடலாம் என்று ஏற்பாடு. உலகச் சுற்றுச்சூழல் நிதியின் உதவியோடு, மாநில நகர்ப்புறப் போக்குவரத்து இயக்ககமும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த காரியம். பெரிய பெரிய நகரங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது மைசூர் செய்து காட்டியது. என் குறை ஒன்றே ஒன்றுதான். நிலையங்கள் வந்த வேகத்தில் வழிகள் வரவில்லை. வீட்டுக்கு வீடு படகு கொடுத்துவிட்டு ஆற்றில் தண்ணீர் விட மறந்த மாதிரி.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஸ்கூல் கணக்குத்தான்.

ஒரு குழந்தை தெருவில் பந்தை எடுக்க ஓடி வருகிறது. நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள். கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் போயிருக்கும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஐந்து மீட்டர். ஆக மொத்தம் பதின்மூன்று, பதினான்கு மீட்டரில் நின்றுவிடுவீர்கள். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே இடத்தில் 50 கிலோமீட்டர் வேகம். ஒரு விநாடியில் பதினான்கு மீட்டர் போய்விடும். அதாவது, 30இல் வந்தவர் வண்டியை நிறுத்திவிட்ட இடத்தில், 50இல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கைத் தொடுகிறார். குழந்தை பதினான்காவது மீட்டரில் நிற்கிறது. ஒருவர் ஜன்னலைத் திறந்து திட்டுகிறார், இன்னொருவர் முழு வேகத்தில் மோதுகிறார். மோதும் வேகத்தின் சக்தி வேறு இருக்கிறது. வேகம் ஒன்றேமுக்கால் மடங்குகூட ஏறவில்லை, அடி ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

இதனால்தான் 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், நடப்பவரும் சைக்கிளும் வண்டியும் கலந்து போகிற தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று பிரகடனம் செய்தன. அக்ரஹாரத்துக் கிராஸ்களில் ஒன்றில்கூட எனக்குத் தெரிந்து 30க்கு மேல் போக வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது. போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகவே நான் சொல்வது இரண்டு வேறு மருந்துகள். உள் தெருக்களுக்குச் சைக்கிள் பாதையே வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும், தெரு முழுவதுமே சைக்கிள் பாதைதான். கிராஸ் தொடங்கும் முனையில் நடைபாதை மட்டத்துக்கு ரோட்டையே மேடாக்கிவிடுங்கள். வேகத்தடை மாதிரி முதுகெலும்பை உடைக்கிற திமில் வேண்டாம். அகலமான, மேல்பக்கம் தட்டையான மேடை. வண்டி தானாக மெதுவாகும், தள்ளுவண்டி தடுக்காது, மாமியும் கோலத்தை நிம்மதியாக முடிப்பார்.

பெரிய ரோடுகள்தான் சிக்கல். ராமானுஜ ரோடு, தியாகராஜ ரோடு, ஜே.எஸ்.எஸ். ஆஸ்பத்திரி இருக்கும் மகாத்மா காந்தி ரோடு. இங்கே பஸ், ஆம்புலன்ஸ், டெம்போ எல்லாம் போக வேண்டும். இங்கே கோலம் பலிக்காது. வரப்பு வேண்டும்.

வரப்பு என்றால் என்ன என்று ஊரில் நிலம் இருந்த குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஔவையார் ஒரு மன்னனை வாழ்த்தும்போது அவன் கோட்டையையோ படையையோ விட்டுவிட்டு வரப்பிலிருந்துதான் தொடங்கினார் என்று கதை உண்டு. வரப்பு யாரிடமும் "தயவுசெய்து" என்று கேட்பதில்லை. தண்ணீரை நிறுத்துகிறது. சைக்கிள் பாதைக்கும் ஓடுகிற ரோட்டுக்கும் நடுவில் ஓர் அரை அடி உயரமாவது கான்கிரீட் கல் வரிசை வேண்டும். இடையிடையே மழைத்தண்ணீர் சாக்கடைக்குப் போக வழி விட்டு, தள்ளுவண்டி நுழைய ஆங்காங்கே சரிவு வைத்து.

பிளாஸ்டிக் கம்பங்களை நம்பாதீர்கள். பெங்களூரில் 2020இல், கொரோனா காலத்தில், வெளிவட்டச் சாலையில் தற்காலிகச் சைக்கிள் பாதை போட்டுக் கம்பங்களை நட்டார்கள். நல்ல முயற்சி, நானே போய்ப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் மோதி உடைந்தவை உடைந்தபடி கிடந்தன, உடைந்த இடைவெளி வழியாக மோட்டார் சைக்கிள்கள் நுழைந்தன. அதற்கும் முன்பு ஜெயநகரில் கோடு போட்ட பாதைகள் பார்க்கிங்குக்குப் போன கதை உங்களில் பெங்களூர் சம்பந்தம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கல் வரப்பு கார்களைத் தடுக்கும், மோட்டார் சைக்கிளை எப்படித் தடுக்கும்? டெல்லியில் 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ் தடத்தோடு சைக்கிளுக்கும் தனித் தடம் கட்டினார்கள். நெரிசலில் இரு சக்கர மோட்டார் வண்டிகள் எல்லாம் அதற்குள் புகுந்தன. 2016இல் அந்தப் பஸ் தடத்தையே இடித்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பாரும் சைக்கிளின் ஹேண்டில் பாரும் கிட்டத்தட்ட ஒரே அகலம். ஒன்றைத் தடுக்கிற கம்பி இன்னொன்றையும் தடுக்கும். நம் இலைக்காரரின் கட்டோ இரண்டையும் விட அகலம். வாசலில் இரும்புக் கம்பி நட்டு மோட்டார் சைக்கிளைத் தடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், அவர் இலைக்காரரைத் தடுக்கிறார் என்று அர்த்தம்.

நேர்மையாகச் சொல்கிறேன், முழுத் தீர்வு என்னிடம் இல்லை. கொஞ்சம் தேற்றலாம். ஒவ்வொரு கிராஸிலும் பாதையை மேடையாக்கினால் மோட்டார் சைக்கிளுக்கு அது வேகவழியாக இருக்காது. வேகம் கிடைக்காத இடத்துக்கு மோட்டார் சைக்கிள்காரன் ஏன் வருகிறான்? அப்படியும் நுழைகிறவன் சைக்கிள் வேகத்தில்தான் போவான் என்றால், 50இல் போகிற பஸ்ஸின் அருகில் இருப்பதை விட அது நூறு மடங்கு மேல்.

அடுத்தது முனைகள். பாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சைக்கிள்காரர் அடிபடுவது பெரும்பாலும் முனையில்தான். நூற்றொன்று கணபதி கோயில் சர்க்கிளில் ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ஆட்டோ சைக்கிளை முந்துகிறது, உடனே இடது பக்கம் திரும்புகிறது. முந்தியது சரி, திரும்பியது சரி, இரண்டையும் சேர்த்து மூன்று விநாடியில் செய்ததுதான் தப்பு. சைக்கிள்காரர் நேராகப் போக நினைத்தவர், ஆட்டோவின் வயிற்றில் போய் முட்டுகிறார். நாங்கள் பொறியாளர்கள் இதற்கு உடந்தை. முனைகளை நல்ல அகலமாக வளைத்துக் கொடுத்து, பிரேக் பிடிக்காமலே திரும்பும்படி செய்து வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் "முன்னேற்றப் பணி". முனையின் வளைவை இறுக்கினால், திரும்புகிற வண்டி கிட்டத்தட்ட நின்றுதான் திரும்பும். இரண்டு மணல் மூட்டையும் நான்கு கூம்பும் வைத்து ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம், செலவு ஒரு கல்யாணத்து வெற்றிலைச் செலவுகூட ஆகாது.

இனிமேல் சொல்வது உங்களில் சிலருக்குக் கசக்கும். கைதட்டல் குறையும், பரவாயில்லை.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். இடம் இருக்கிறது. அதில் நம் கார் நிற்கிறது. ஒரு கார் நிற்க இரண்டு மீட்டர் அகலம் வேண்டும். ஒரு திசைச் சைக்கிள் பாதைக்கும் அதே இரண்டு மீட்டர் போதும். ரோட்டின் இரண்டு ஓரமும் இரவும் பகலும் கார் நிறுத்தும் இடமாகிவிட்ட பிறகு, "ரோடு சின்னது சார், சைக்கிளுக்கு இடமில்லை" என்கிறோம். சொந்தக் கூடத்தில் சோபாவைப் போட்டுவிட்டு விருந்தாளிக்கு உட்கார இடமில்லை என்பது போல. அப்பா காலத்து வீடுகளில் வாசலில் திண்ணை இருந்தது, இங்கே ஜகலி என்பார்கள். வழிப்போக்கர் உட்காரட்டும் என்று சொந்த நிலத்தில் கட்டினார்கள். இன்றைக்குச் சொந்த நிலத்தில் ஒரு சதுர அடி விடாமல் கட்டிவிட்டு, கேட்டுக்கு முன்னால் சாய்தளக் கல்லை ரோட்டுக்குள் இரண்டடி நீட்டி வைத்திருக்கிறோம்.

எல்லாக் காரையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் நிறுத்தலாம், அதையும் இடம் மாற்றி நிறுத்தலாம். இப்போது நடைபாதை, அப்புறம் நிற்கிற கார், அப்புறம் சைக்கிள், அப்புறம் பஸ். இதை நடைபாதை, அப்புறம் சைக்கிள், அப்புறம் ஒரு முழம் கல் வரப்பு, அப்புறம் நிற்கிற கார், அப்புறம் பஸ் என்று மாற்றினால், நிற்கிற கார்களே சைக்கிளுக்கு மதில் சுவராகிவிடும். அந்த ஒரு முழ வரப்பு கார்க் கதவு திறப்பதற்காக. அது இல்லாமல் செய்தால் என் பழைய கதைதான் திரும்பவும். கடைக்காரர்களுக்கும் நஷ்டமில்லை. பூக்காரர்களுக்கும் காய்கறிக் கூடைக்காரர்களுக்கும் முதலிலேயே இடம் குறித்துவிட வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. அவர்களை விரட்டிவிட்டுக் கட்டுகிற பாதையில் சைக்கிளில் வரப்போகிறவர்களும் அவர்கள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

மைசூருக்கே உரிய இன்னொரு வழி இருக்கிறது. கொள்ளை நோய்க் காலத்துக்குப் பிறகு 1903இல் இங்கே நகர மேம்பாட்டு வாரியம் அமைந்தது. காற்றும் வெளிச்சமும் புகும்படி புதிய குடியிருப்புகள் வந்தன. அக்ரஹாரத்தைச் சுற்றியுள்ள கிருஷ்ணமூர்த்திபுரம், லட்சுமிபுரம் பக்கம் பழைய வீடுகளின் பின்புறம் ஒரு சந்து ஓடும். கன்சர்வன்சி சந்து. அந்தச் சந்தின் வரலாறு பெருமைப்படக்கூடியது இல்லை. வீட்டுக் கழிவை அள்ளுகிற மனிதர்கள் முன்வாசல் தெருவில் கண்ணில் படாமல் வந்து போவதற்கான வழி அது. பாதாளச் சாக்கடை வந்த பிறகு சந்துக்கு வேலை போயிற்று. இப்போது பல இடங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் உடைந்த கமோடும் கிடக்கின்றன. சில இடங்களில் பின்வீட்டுக்காரர் செடி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேலியும் போட்டுவிட்டார்.

அந்தச் சந்துகளைச் சுத்தம் செய்து, கல் பாவி, விளக்குப் போட்டு, ஒன்றோடு ஒன்றை இணைத்தால், பெரிய ரோட்டைத் தொடாமலே ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போக முடியும். விளக்கு முக்கியம். ஆள் நடமாட்டமில்லாத இருட்டுச் சந்தில் பெண்பிள்ளையை யாரும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. பின்பக்கச் சமையலறை ஜன்னல்கள் திறந்திருந்தால் அதை விட நல்ல காவல் இல்லை. ஒரு காலத்தில் சில மனிதர்களை மறைத்து வைப்பதற்காகப் போட்ட வழியில் அவர்கள் பேரப்பிள்ளைகள் பெல் அடித்துக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு ஆசை.

இதெல்லாம் வெளிநாட்டு ஊர்களுக்குச் சரி, நமக்கு வராது என்று ஒரு குரல் எப்போதும் எழும். இன்றைக்கு நெதர்லாந்து என்றால் சைக்கிள் என்கிறோம். 1971இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்தில் இறந்த குழந்தைகள் மட்டும் 400க்கு மேல். அப்போது அங்கேயும் கார்தான் ராஜா. பள்ளிக்குப் போன மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று எழுதினார், அந்தப் பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பிற்று. தாய்மார்கள் குழந்தைகளோடு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் வரப்பு வந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், புதுக்கோட்டைக்குப் போங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம், கலெக்டராக ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், ஆசிரியைகள் என்று லட்சம் பேர் அளவில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியது உலகம் முழுக்கப் போயிற்று. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்து, முன்னால் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். புருஷனுக்காகவும் பஸ்ஸுக்காகவும் காத்திருக்கும் நேரம் மிச்சமாயிற்று. தமிழ்நாடு அரசு 2001 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கும், கர்நாடகம் 2006 வாக்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கின. லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுத்த அரசுகள், அந்தச் சைக்கிள் போக ஒரு கல் வரப்பு கட்ட ஏன் தயங்க வேண்டும்?

சட்டம், விதி எல்லாம் இருக்கிறது, நீட்டவில்லை. சைக்கிள் பாதை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962லேயே ஒரு வழிமுறை போட்டது, 2015இல் புதுப்பித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 138ஆம் பிரிவில் ஒரு துணைப்பிரிவு சேர்த்து, சாலைப் பாதுகாப்பை முன்னிட்டு மோட்டார் இல்லாத வண்டிகளையும் நடப்பவர்களையும் ஒழுங்குபடுத்த மாநிலங்கள் விதி செய்யலாம் என்றார்கள். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கை நிறைவேற்றியது. நான் வேலை பார்த்த காலத்தில் சாலைக் காங்கிரஸின் வழிமுறைப் புத்தகம் எங்கள் அலுவலக அலமாரியில் இருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் மேலிடத்து உத்தரவுக்காக நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நூற்றொன்று கணபதி கோயில் எதிரே முப்பது மீட்டர் டேப்போடு நிற்பேன். அங்கிருந்து வாணி விலாஸ் மார்க்கெட் வரை ரோட்டின் அகலம், நிற்கிற வண்டிகள், நீட்டிக்கொண்டிருக்கும் சாய்தளம், ஒவ்வொரு முனையின் வளைவு எல்லாவற்றையும் அளந்து ஒரு வரைபடம் போட வேண்டும். அதை வார்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்கு ரசீது வாங்க வேண்டும். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொண்டு வாருங்கள். கார் வைத்திருப்பவர்கள் அதைத் தயவுசெய்து வீட்டுக்குள் நிறுத்திவிட்டு வாருங்கள், அளக்க வசதியாக இருக்கும்.